ராசி பார்க்க வந்த முத்து

வட்டம் என்று நாம் சொல்லும் பொருள்களில் பெரும்பாலானவை வட்டம் இல்லை. எலுமிச்சம்பழம் வட்டம் இல்லை. கோலிக்குண்டு வட்டம் இல்லை. உதிக்கிற முழுநிலவுகூடக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் சப்பையாகத்தான் தெரியும். நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்களிடம் இரும்புக் குண்டையும் ஸ்க்ரூ கேஜையும் கொடுத்து விட்டத்தை அளக்கச் சொல்வேன். ஒரு பக்கம் அளந்து எழுதிவிடுவார்கள். திருப்பிப் போட்டு அளங்கள் என்பேன். விடை மாறும். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

எழுத மேசையும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி, ஐயா. சுருக்கமாக எழுதினால் போதும் என்றீர்கள். முத்தைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் நாகராசு. வயது இருபத்தேழு. மனைவியை இழந்தவன். அவள் பெயர் செங்கமலம்.

செங்கமலத்துக்கு அழும் பழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அப்படி இல்லை என்று அவள் தாயார் சொர்ணவல்லி சொல்வார். எனக்குத் தெரியாது. என் வீட்டுக்கு வந்தபின் அழுதாள். சமைக்கும்போது அழுதாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். அவளுக்கு மெல்லிய தோல். லேசாகப் பிடித்தாலே கன்றிவிடும். வைகாசி வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான் போட்டுக்கொள்வாள்.

மாமியார் ஒரு ஜோசியரிடம் போய்வந்தார். "சந்திரன் பலம் கொறஞ்சிருக்காம் மாப்ளே. அதான் இப்புடி மருகுறா. ஒரு நல்ல முத்தா மோதிரத்துல வச்சுப் போட்டா மனசு ஒரு நெலைக்கு வந்துருமாம்" என்றார்.

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் மாமியார் ஆசைப்பட்டார், செலவும் அவருடையது. மூவருமாகக் கீழராஜ வீதியில் அழகுமலையின் கடைக்குப் போனோம்.

அழகுமலை தடித்த மனிதர். வெற்றிலை குதப்பிக்கொண்டே பேசுவார். கடைக்கு வருகிற யாரையும் சும்மா விடமாட்டார். முந்தைய வருஷம், அதாவது 1958-இல், தூத்துக்குடி முத்துக்குளிப்பில் எடுத்த முத்துகள் அவரிடம் இருந்தன. சிவப்பும் நீலமும்கூட வைத்திருந்தார். இரண்டையும் முன்னால் பரப்பிக்கொண்டு என்னிடம்தான் பேசினார்.

"கல்லு வேற, முத்து வேற தம்பி. கல்லுக்கு நாம உருவம் குடுத்துக்கலாம். கோணலா இருக்கா, தேய்ச்சுக்க. கரும்புள்ளி இருக்கா, அந்தப் பக்கத்த வெட்டித் தள்ளு. முத்து அப்புடி இல்ல. சிப்பிக்குள்ள என்ன உருவமோ அதான் கடைசி வரைக்கும். சிலது லச்சணமா உருண்டு வரும். சிலது வாத்தியார் மண்டை மாதிரி வரும்."

செங்கமலம் சிரித்தாள். நான் அவளைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டாள்.

ஒரு பித்தளைத் தட்டை எடுத்து ஓரத்தை லேசாக உயர்த்திப் பிடித்தார். மேலிருந்து ஒரு முத்தை விட்டார். சிறிது தூரம் வந்து வலப்பக்கம் ஒதுங்கியது. இன்னொன்றை விட்டார். தள்ளாடி நடுவிலேயே நின்றுவிட்டது. பிறகு மடியிலிருந்து ஒரு சிறு துணி முடிச்சை அவிழ்த்து அதிலிருந்ததை விட்டார். அது கோடு கிழித்ததுபோல் நேராக வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இதுக்குப் பேரு ஆணி. எங்கிட்டும் சாயாது."

வட்டத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது பௌதிகம் படித்தவனுக்குப் புரியும். முத்துக்குப் பட்டை கிடையாது. ஒளி அதன் வளைவில்தான் நிற்கிறது. வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தால் எதிரே உள்ள ஜன்னல் சிறியதாக, நேராக அதில் தெரியும். சப்பையாக இருந்தால் ஜன்னல் இழுபட்டுத் தெரியும், ஒளி ஒரு பக்கம் தேங்கி மறுபக்கம் மங்கும். நிறத்தை யாரும் மன்னிப்பார்கள். உருவத்தை மன்னிப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் முத்தோ வைரமோ வாங்குமுன் வீட்டில் சில நாள் வைத்து ராசி பார்ப்பது வழக்கம். ஒரு கிண்ணத்தில் பச்சரிசி பரப்பி, அதன்மேல் வைத்துப் பூஜை அலமாரியில் விளக்கேற்றிவிடுவார்கள். நல்லது நடந்தால் வாங்குவார்கள். ஒன்றும் நடக்காவிட்டாலும் வாங்குவார்கள். கெட்டது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வியாபாரி மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அந்த முத்து என் வீட்டுக்கு வந்தது.

நான் ராசி பார்க்கவில்லை. அளந்தேன். கல்லூரியிலிருந்து ஸ்க்ரூ கேஜைக் கொண்டுவந்து முத்தை அதன் பிடியில் வைத்துத் திருகினேன். ஒரு திசையில் 6.42 மில்லிமீட்டர். திருப்பிப் போட்டால் 6.31. ஆகவே அது வட்டம் இல்லை. அழகுமலை ஆணி என்று சொன்னது பொய்.

அன்று மாலை செங்கமலம் இறந்தாள். அடுக்களையில் அம்மிக்கல்லில் விழுந்து தலையில் அடி. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆள் அனுப்பியதும் மாமியார் ஓடிவந்தார். மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த முத்து எங்க மாப்ளே?" என்று கேட்டார்.

அந்த நிமிஷம்வரை எனக்கு அது தோன்றவில்லை. நான் அலமாரியைக் காட்டினேன். அவர் தரையில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டார். "நாந்தானே கொண்டாந்தேன். நாந்தானே எம்மகளக் கொன்னேன்" என்று கதறினார். துக்கத்துக்கு வந்தவர்கள் செங்கமலத்தைப் பார்த்துவிட்டு, எட்டி நின்று பூஜை அலமாரியையும் பார்த்துவிட்டுப் போனார்கள். முத்துதான் அவளைக் கொன்றது என்று தெருவே சொன்னது. டாக்டரை யாரும் கூப்பிடவில்லை. போலீசும் வரவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது ஜோசியம். ஆனால் முடிவு சரி. அந்த முத்தில் குறை இருந்தது. அதை நானே அளந்திருக்கிறேன். குறையுள்ள ஒரு பொருள் வீட்டுக்குள் வந்த பிறகுதான் அது நடந்தது. அதற்கு முன்பு எவ்வளவோ முறை நான் அவளைக் கண்டித்திருக்கிறேன், அவள் சாகவில்லை.

முத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அழகுமலை பேசாமல் வாங்கிக்கொண்டார். அதோடு முடிந்திருந்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஆனால் அந்த முத்தை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. 'வாத்தியார் பொண்டாட்டியைத் தின்ன முத்து' என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. அழகுமலைக்கு அது பொறுக்கவில்லை. தன் ஆயுளில் கைக்கு வந்த முத்துகளில் அதுதான் சிறந்தது என்று போவோர் வருவோரிடமெல்லாம் சண்டைக்கு நின்றார். ஒருநாள் நான் கடை வழியாகப் போகும்போது கூப்பிட்டார். உள்ளே ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

"தம்பி, படிச்சவுக நீங்க. நீங்களே இத உருட்டிப் பாருங்க. இதுல என்ன குறைன்னு இவுக முன்னாடி சொல்லுங்க."

தட்டை வாங்கி உருட்டினேன். நேராகப் போனது. தட்டைத் திருப்பிப் பிடித்து உருட்டினேன். நேராகப் போனது.

"ஸ்க்ரூ கேஜில் வைத்துத் திருகி அளந்தேன். ஆறு புள்ளி நாலு ரெண்டு ஒரு பக்கம். ஆறு புள்ளி மூணு ஒண்ணு இன்னொரு பக்கம். இது வட்டம் இல்லை" என்றேன்.

"அந்தத் திருகாணிக்குள்ள வச்சு நெறிச்சா ஒங்க தலையும் என் தலையும்கூடத்தான் வட்டமில்லேன்னு வரும். முத்துக்குக் கண்ணு பத்தாதா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்து, "கொற முத்துல இல்ல தம்பி. வீட்டுல இருக்கும். மனையடி தெரிஞ்ச ஆளாக் கூட்டியாந்து பாருங்க" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நகை வியாபாரிகள் வழக்கமாகச் சொல்வதுதான். கல் திரும்பி வந்தால், குறை கல்லில் இல்லை, வீட்டில் என்பார்கள். வாசல் எந்தத் திசை, கிணறு எந்த மூலை என்று பார்க்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வார்த்தை ஊரில் பரவியது. சாயங்காலமே மாமியார் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

உட்காரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார்.

"முத்து நல்ல முத்துதான்னு சொல்றாகளே மாப்ளே. அது நல்ல முத்துன்னா எம்மக எப்புடிச் செத்தா?"

அவர் அடுக்களைக்குப் போய் அம்மியின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தரையிலிருந்து அதன் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

"ஒரு சாண்கூட இல்ல" என்றார். என்னிடம் சொல்லவில்லை. அம்மியிடம் சொன்னார். பிறகு எழுந்து போய்விட்டார்.

ஒரு நல்ல பெண்மணியின் மனதில் அப்படி ஒரு சந்தேகம் இருப்பது சரியில்லை. அவருக்கு அது வேதனை. அதை நீக்குவது என் கடமை என்று நினைத்தேன்.

அழகுமலையே வழியைச் சொன்னார். மறுபடி அவர் கடைக்குப் போனபோது உற்சாகமாக இருந்தார். "மணமேல்குடியில ரைஸ்மில் பிச்சை இருக்காருல்ல, அவரு வீட்டம்மா உண்ணாமலை முத்தக் கேட்டிருக்கு. தைரியமான பொம்பள. ஊர்ப் பேச்செல்லாம் தெரியும், தெரிஞ்சே கேக்குது. புதன்கெழம கொண்டுபோயி வச்சுட்டு வாரேன். அங்க ஒரு கொறையும் இல்லாம இருந்துச்சுன்னா முத்து சுத்தம்னு ஊரு ஒத்துக்கிருமுல்ல?"

"ஒத்துக்கொள்ளும்" என்றேன்.

அதாவது அந்த வீட்டில் எல்லோரும் நலமாக இருந்தால் என் வீட்டில் நடந்ததற்குக் காரணம் முத்து இல்லை என்று ஆகிவிடும். அந்த வீட்டில் ஏதாவது நடந்தால் முத்துதான் காரணம் என்பது நிலைத்துவிடும். சோதனைக்கூடத்தில் ஒரு அளவை உறுதிப்படுத்த இன்னொரு முறை அளக்கிறோம். அதுபோல்தான். யாராவது ஒருவர் போதும். பெரியவரோ குழந்தையோ. நான் தேர்ந்தெடுக்கவில்லை.

வியாழக்கிழமை கல்லூரிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அறந்தாங்கியில் மாறி, ஆவுடையார்கோவில் வழியாக மணமேல்குடியில் இறங்கும்போது நல்ல வெயில். ரைஸ்மில் வீடு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உமி வாசனையைப் பிடித்துக்கொண்டு போனேன். மில்லுக்குச் சற்றுத் தள்ளி வீடு. குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். வேலைக்காரி வரவில்லை என்று உண்ணாமலை அம்மாளே பிறகு சொன்னார்.

"யாரு? அவுக மில்லுல இருக்காக. அங்கிட்டுப் போங்க."

"குடிக்கத் தண்ணீர் வேண்டும்" என்றேன்.

"இந்த ஊருத் தண்ணி உப்புக் கரிக்கும் தம்பி. உள்ள வாங்க, மோரு தாரேன். என்ன இது, குச்சியாட்டம் இருக்கீக. வீட்டுல சோறு போடுறாகளா இல்லையா?"

அடுக்களை வாசலில் என்னை உட்கார வைத்தார். நாற்பது வயது இருக்கும். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆயிற்று, இறந்துவிட்டாள் என்றேன்.

"அடி ஆத்தி. இந்த வயசுலயா? என்ன சீக்கு?"

"சீக்கு இல்லை. விழுந்துவிட்டாள்."

"மாடியில இருந்தா?"

"இல்லை. அடுக்களையில்."

அவர் மோர்ச் சட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "அடுக்களையில விழுந்தா செத்துப்போவாக தம்பி?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மறுபடி குனிந்தார். ஆட்டுக்கல் பக்கத்தில் இருந்தது. குழவியை எடுத்தேன். ஒரு பக்கம் தேய்ந்து கைக்குப் பொருந்தியது. முதல் அடி தோளில் விழுந்துவிட்டது. எனக்குப் பழக்கமில்லாத கனம். அவர் கூச்சலிடவில்லை. திரும்பி, "தம்பி" என்றார். நான் வழுக்கி அவர்மேல் குழவியைப் போட்டுவிட்டதாக நினைத்தார் போலிருக்கிறது. இரண்டாவது அடி சரியாக விழுந்தது. அவர் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். நின்றுகொண்டு அடிக்க வசதிப்படவில்லை, அதனால் மண்டியிட்டேன். நெடுநேரம் ஆனது. மனிதத் தலை நாம் நினைப்பதைவிட உறுதியானது. கடைசியில் உருவம் மாறிய பிறகுதான் சத்தம் நின்றது.

விழுந்ததுபோல் தோன்ற வேண்டும் என்பதற்காகத் தலையை ஆட்டுக்கல்லின்மேல் சாய்த்து வைத்தேன். நகைகளைத் தொடவில்லை. கொடியில் காய்ந்த பிச்சையின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு என்னுடையதைப் பையில் வைத்துக்கொண்டேன். மோர் சிந்தாமல் மிச்சம் இருந்தது. தாகமாக இருந்ததால் குடித்தேன். நல்ல மோர்.

பூஜை அலமாரியைப் பார்க்கவில்லை. அங்கேதான் என் தவறு.

வெள்ளிக்கிழமை காலை அழகுமலையின் கடைக்குப் போனேன். ஆறுதல் சொல்லும் எண்ணம்தான். அவர் வெற்றிலை போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கேள்விப்பட்டீகளா தம்பி? அந்த உண்ணாமலை அம்மாவ அடிச்சுக் கொன்னுட்டாகளாம். நக நட்டெல்லாம் அப்படியே கெடக்காம்."

"பாவம். முத்து அங்கே இருக்கிறதே" என்றேன்.

"முத்து எங்க இருக்கு? இந்தா மடியிலதான் இருக்கு. புதன்கெழம கொண்டுபோனேன். அன்னிக்குக் கரிநாளு. இன்னிக்குப் போயிக் கொண்டாந்து நிக்கிறீகளேன்னு அந்தம்மா வையுது. படி தாண்டவே விடல. வெள்ளிக்கெழம கொண்டாங்கன்னு வாசலோட அனுப்பிருச்சு. நானும் பஞ்சாங்கத்தப் பாக்காமப் போயிட்டேன்."

கரிநாள் என்றால் வருஷத்தில் சில நாட்களை ஆகாத நாள் என்று குறித்துவைத்திருக்கிறார்கள். அன்று எதையும் தொடங்கமாட்டார்கள். என் வீட்டில் பஞ்சாங்கம் கிடையாது. கல்யாணமான புதிதில் செங்கமலம் ஒன்று வாங்கி மாட்டினாள். நான்தான் கழற்றி அடுப்பில் போட்டேன்.

முத்து அந்த வீட்டுக்குள் போகவே இல்லை. ஆகவே உண்ணாமலை இறந்ததால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. வீணாயிற்று. எனக்கு வருத்தமாக இருந்தது.

"யார் செய்ததாம்?" என்று கேட்டேன்.

"யாரு செய்வா? புருஷன்காரன் பிச்சையக் கூட்டிப்போயி ஸ்டேஷன்ல வச்சிருக்காக. அவரு சட்டை ஒண்ணக் காணோமாம். ரத்தக்கறைக்குப் பயந்து ஒளிச்சுட்டாருன்னு போலீசு சொல்லுது. வெளியாளு வந்தா நகைய விட்டுட்டா போவான்? பொம்பள அடுக்களையில தல ஒடஞ்சு கெடந்தா புருஷனத்தான் மொதல்ல கேப்பாக தம்பி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் பார்த்தார். முத்து முடிச்சை மெதுவாக மடிக்குள் செருகிக்கொண்டார்.

அங்கிருந்து வீட்டுக்குப் போய், உடனே பஸ் ஏறி மணமேல்குடி ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன். பிச்சையின் சட்டையையும் கொண்டுவந்திருக்கிறேன். என்னை யாரும் பிடிக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

செங்கமலத்தின் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன், அதிலும் உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது. அன்று நான் அளந்துவிட்டு, வட்டம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, "அது கோணலுன்னு தெரிஞ்சதும் ஒங்களுக்கு ஏன் இம்புட்டுச் சந்தோசம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். கடையில் சிரித்த அதே சிரிப்பு. நான் பார்த்தேன். இம்முறை நிறுத்தவில்லை. அவளுடைய கூந்தல் என் கையில் இருந்தது, அது உண்மை. கையில் இருந்ததால்தான் அவள் எப்படி விழுந்தாள் என்று என்னால் சரியாகச் சொல்ல முடிகிறது. முதலில் நெற்றி பட்டது. பிறகு காதுக்கு மேலே. பிறகு எங்கே பட்டது என்று தெரியாத அளவுக்கு ரத்தம். ஒவ்வொரு முறையும் அவள் எழுந்தாள், ஒவ்வொரு முறையும் விழுந்தாள். என் கை கூடவே போய்வந்தது. மேசையில் ஸ்க்ரூ கேஜின் பிடியில் முத்து இருந்தது. அதன்மேலும் தெறித்திருந்தது. கழுவி அரிசிக் கிண்ணத்தில் வைத்த பிறகுதான் மாமியாருக்கு ஆள் அனுப்பினேன்.

இரண்டு சாவும் ஒன்றல்ல, ஐயா. மணமேல்குடியில் முத்து இல்லை, நான் இருந்தேன். என் வீட்டில் முத்து இருந்தது.

பிச்சையை விட்டுவிடுங்கள். அவர் வீட்டுக்குப் போய்க் குழந்தைகளைப் பார்க்கட்டும். மனைவி அடுக்களையில் தலை உடைந்து கிடந்தால் உடனே புருஷன்மேல் சந்தேகப்படுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதற்கு இனி நானே சாட்சி.